மூடிய கூட்டம்

பல்செட் வாளிக்குள் கிடந்தது.

முழு செட் அல்ல. மேல்வரிசை முன்பல் ஆறு, ஈறு நிறத்தில் ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். அதைச் சுற்றித் தம்பி காலையில் வெளியே தள்ளியதெல்லாம் மஞ்சளாக மிதந்தது.

அக்கா கையுறை மாட்டினாள். அது போதாதென்று அதன்மேல் இன்னொன்றையும் மாட்டினாள்.

"எடுக்கப் போறியாக்கா?" சுவரில் சாய்ந்தபடி தம்பி கேட்டான். முன்பல் இல்லாத வாயில் பாதிச் சொல் காற்றாகப் போயிற்று.

"இல்ல, கண்ணாடிப் பெட்டியில வச்சு அழகு பார்க்கப் போறேன்."

"விட்டுடேன். வேற செஞ்சுக்கலாம்."

"யாரு செய்யறது, நீயா? முதல் செட்டை எங்க துப்பினேன்னு இன்னைக்கு வரைக்கும் உனக்கே தெரியாது. இது ரெண்டாவது. மூணாவதுக்கு என் கை வராதுடா."

இருபத்திரண்டு வருஷமாக அக்கா பல்செட் கட்டுகிறாள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் எச்சில் காய்ந்திருக்கும், ரத்தம் ஒட்டியிருக்கும், சில சமயம் மென்ற வெற்றிலை மிச்சம்கூட இருக்கும். அதையெல்லாம் கழுவிவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள். ஊரான் எச்சில் அவளை ஒன்றும் செய்ததில்லை. உடன்பிறந்தவன் எச்சிலுக்குத்தான் இரண்டு கையுறை.

செட்டை எடுத்து மருந்துத் தண்ணீரில் போட்டாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். கையுறை இரண்டையும் உரித்து எறிந்தாள். பிறகும் கை நாறுவதுபோல் இருந்தது.

தம்பி லிப்ட் மெக்கானிக். எட்டுப் பேர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்த, சரிபண்ண வந்த மகராசன் அதே லிப்டின் தலைமேல் படுத்துக் குறட்டை விட்டதைப் போன வாரம் பேப்பரில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலை அன்றிலிருந்து அந்தரத்தில் தொங்குகிறது. பேருந்து நிலைய விசாரணைக் கவுன்ட்டரில் உட்காரும் அவன் பெண்டாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் துணிமணியை ஒரு பையில் அடைத்து வாசலில் வைத்தாள், கதவைச் சாத்தினாள். பையைத் தூக்கிக்கொண்டு அவன் வந்து நின்ற இடம் அக்காவின் பட்டறை.

மூன்று நாளாயிற்று. முதல் நாளே அவன் பர்ஸை வாங்கினாள், போனை வாங்கினாள். ராத்திரி அவனை உள்ளே படுக்கவைத்து, ஷட்டரை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கொசு நுழையலாம், பாட்டில் நுழையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அப்படியிருந்தும் வாந்தி. குடித்துக் குடித்துப் பழகிய உடம்பு, நிறுத்தினால் முரண்டு பிடிக்கத்தான் செய்யும் என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். காவல் காக்கவே நேரம் போனதில் மூன்று நாளாக மெழுகு வேலையைத் தொடவில்லை. அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். மெழுகை உருக்கும் விளக்குக்கு ஊற்றும் ஸ்பிரிட் பாட்டில் கழுத்துவரை நின்றது. இந்த வாரம் வாங்க வேண்டாம், ஒரு அலைச்சல் மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி.

"அண்ணி, எழுந்துட்டாரா?"

"எழுந்து, வாளியை நிரப்பி, மறுபடியும் சாய்ஞ்சாச்சு."

"சீ."

"நீ அங்கிருந்து சீங்கறே. நான் இங்க அள்ளறேன்."

"பத்து வருஷம் நான் அள்ளினேன் அண்ணி. உங்களுக்கு மூணு நாள்." குரலில் கோபம்கூட இல்லை. "கிளினிக்குல குடுத்த தாளை அவர் துணிப் பையில வச்சு அனுப்பினேனே, பார்த்தீங்களா? இன்னைக்கு ஒரு கூட்டம். ஒரே ஒரு கூட்டத்துல போய் உட்கார்ந்து, எனக்கு இதை நிறுத்தணும்னு அவர் வாயால சொல்லட்டும். இல்லன்னா நாளைக்கு நான் மாற்றலுக்கு எழுதிக் குடுத்துடுவேன். ஃபாரம் பூர்த்தி பண்ணிப் பையில வச்சிருக்கேன். பிள்ளையோட கிளம்பிட்டா, அப்புறம் நீங்களே கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கு விட்டா அவருக்கு என்னைக்கும் நாளைக்குத்தான் அண்ணி."

வைத்துவிட்டாள்.

தாளில் ஐந்து இடங்கள். குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கட்டம் கட்டி அச்சடித்திருந்தது. கடைசிக் கட்டத்தில் சிலவற்றுக்குத் 'திறந்தது' என்றும் சிலவற்றுக்கு 'மூடியது' என்றும் இருந்தது.

"பாரு லட்சணத்தை," என்றாள் அக்கா. "அஞ்சுல மூணை மூடிட்டாங்க. குடிகாரனுங்க நடத்தற கூட்டம் வேற எப்படி இருக்கும்?" மெழுகுக்குக் குறி வைக்கும் சிவப்புப் பென்சிலால் மூடிய மூன்றையும் அடித்தாள். அடித்ததில் ஒன்று அவள் தெருவிலேயே, மூன்று கடை தள்ளி, அச்சகத்து மாடியில், இன்று மாலை ஆறரைக்கு என்று இருந்தது. "இதையும் மூடியாச்சு. அதான் அங்க வாராவாரம் அந்தச் சிரிப்புச் சத்தம். வேற யாரோ வாடகைக்கு வந்துட்டாங்கபோல."

திறந்த இரண்டில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. மிச்சம் ஒன்று. ஊரின் மறுகோடி, பூங்காவுக்கு எதிரே, சமுதாயக் கூடத்து மாடி, மாலை நான்கு மணி.

"கிளம்பு."

"உடம்பு முடியலக்கா."

"குடிக்கிறதுக்கு எப்பவாவது முடியாம இருந்திருக்கா? கிளம்புடா."

*

பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவே பையை வைத்தாள். பைக்குள் டப்பா, டப்பாவுக்குள் மருந்தில் ஊறிய பல்.

"போட்டுக்கவாக்கா?"

"அங்க போய்ப் போட்டுக்கோ. வழியில இன்னொரு தடவை துப்பினா நான் இறங்கி நடந்துடுவேன்."

இறங்கும்போது படி தப்பி, நடைபாதையில் முட்டி போட்டு விழுந்தான். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். ஒரு பெண்மணி மூக்கைப் பொத்தினாள்.

"கண்ணைத் திறந்து நட."

"திறந்துதான் இருக்கு. வெளிச்சம் கூசுது."

அக்கா வானத்தைப் பார்த்தாள். மேகம் மூடிக் கிடந்தது.

"எங்கடா வெளிச்சம்?"

"எல்லாம் வெள்ளையா இருக்கு. பஞ்சு மாதிரி."

"மூணு நாள் குடிக்கலைன்னா உலகம் வெள்ளையாத்தான் தெரியும். இத்தனை வருஷமா நீதான் கலங்கலாப் பார்த்திருக்கே. நட."

சமுதாயக் கூடத்து வாசலில் ஒரு பலகை. அக்கா எட்டப் பார்வைக்கான கண்ணாடியைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்கு, படி."

தம்பி பலகையின்மேல் மூக்கு முட்டும் அளவுக்குப் போனான். விரலால் தடவித் தடவிப் படித்தான். "குடி... குடிப்போர் நலச் சங்கம். கூட்டம். நாலு மணி."

"நலச் சங்கமா? உங்களுக்கு நலம் ஒண்ணுதான் குறைச்சல்," என்றாள் அக்கா. என்றாலும் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கிடைத்துவிட்டது. ஃபாரம் பையிலேயே கிடக்கும்.

மாடியில் முப்பது பேர். எல்லாரும் சலவைச் சட்டை, படிந்த தலை. குடிகாரர்களா இவர்கள் என்று அக்காவே அசந்துபோனாள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"இது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சது இல்ல. வருஷக்கணக்கா உள்ளுக்குள்ளேயே கசிஞ்சிருக்கு. நாம மூடி மறைச்சோம். இப்போ நாத்தம் வெளியே வந்துடுச்சு."

"சரியாச் சொல்றாரு," என்று அக்கா முணுமுணுத்தாள்.

"யார் வீட்டுக் குத்தம்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். அவங்களே எழுந்து ஒத்துக்கிட்டா மரியாதை."

அக்கா தம்பியின் விலாவில் ஒரு இடி இடித்தாள். அவன் எழுந்தான். பல்லை எடுத்துக் கொடுக்க அக்கா மறந்துவிட்டிருந்தாள். கைகள் முன்னிருந்த நாற்காலி முதுகைத் தேடிப் பிடித்தன.

"என்னாலதான்," என்றான். "நான் ஒரு குடிகாரன். எனக்கு இதை நிறுத்தணும்."

முப்பது தலையும் அவன் பக்கம் திரும்பின.

"நீங்க எந்த ஃபிளாட்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஃபிளாட்டா? இப்போதைக்கு அக்கா பட்டறையில படுத்திருக்கேன்."

பின்வரிசையில் யாரோ கனைத்துச் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் முகம் சுருங்கியது. "ஐயா, இது குடியிருப்போர் கூட்டம். குடி-யிரு-ப்போர். மூணாவது மாடிக் கழிவுக் குழாய் உடைஞ்சு ரெண்டாவது மாடியில ஒழுகுது, அதைப் பேசறோம். வாசல்ல இத்தாம்பெரிய எழுத்துல போட்டிருக்கே, தெரியல?"

"கழிவைப் பத்தித்தானே பேசறோம். அவரும் இருக்கட்டுமே," என்றது ஒரு குரல். இப்போது கூடமே சிரித்தது. முன்வரிசைப் பெண்மணி தன் நாற்காலியைக் கால்களால் நகர்த்தி ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவனைப் பார்த்து முகம் சுளிக்கலாம், தாராளமாகச் சுளிக்கலாம். ஆனால் அந்த உரிமை வாளி கழுவியவளுக்கு மட்டும்தான்.

"ஏம்மா, தள்ளிப் போறீங்களே," என்றாள் அந்தப் பெண்மணியிடம். "உங்க வீட்டுக் கழிவு ஒரு மாடிதான் கீழ இறங்கியிருக்கு. என் வீட்டுது நடுத்தெருவரைக்கும் வந்துடுச்சு. நாளைக்கு உங்களுதும் வரும். அப்போ நாற்காலியை எங்க நகர்த்துவீங்க?"

தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"படிக்கத் தெரியாதாடா உனக்கு? ரெண்டு எழுத்தை முழுங்கிட்டியே. குடிச்சது போதாதுன்னு எழுத்தையும் முழுங்கணுமா?"

"தெரியலக்கா."

"என்ன தெரியல?"

"எழுத்து."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படியில் யாரோ இறங்கி வரும் சத்தம். பின்வரிசையில் கனைத்த ஆள்தான். அந்த அடுக்குமாடிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிறவர். குழாய் உடைந்ததற்குப் பதில் சொல்ல அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்களாம்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் சிரிச்சது அவரைப் பார்த்து இல்ல, என்னை நினைச்சு. குடிகாரன்னு நான் முதமுதல்ல ஒத்துக்கிட்டதும் தப்பான இடத்துலதான், ஆஸ்பத்திரியில தாடை வலிக்கு வந்தவங்க வரிசையில. நீங்க தேடற கூட்டம் இந்த மாசத்துலேர்ந்து காலையில பத்து மணிக்கு மாறிடுச்சு. உங்க கையில இருக்கற தாள் பழசு."

"அப்போ இன்னைக்கு இல்லையா?" அக்கா தாளை அவர் முன் நீட்டினாள்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "இதை ஏன் அடிச்சிருக்கீங்க? அச்சகத்து மாடி, ஆறரை மணி."

"அதான் மூடியதுன்னு போட்டிருக்கே."

மோட்டார்காரர் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார். "மூடியதுன்னா மூடிட்டாங்கன்னு இல்லம்மா. கதவை மூடிக்கிட்டுப் பேசற கூட்டம். நிறுத்தணும்னு ஆசைப்படறவங்க மட்டும்தான் உள்ள வரலாம். திறந்ததுன்னா யாரும் வரலாம், வீட்டாளுங்க, வேடிக்கை பார்க்கிறவங்க எல்லாரும். நானே இப்போ அங்கதான் போறேன்."

அக்கா தன் தெருவை நினைத்தாள். மூன்று கடை. நாற்பது எட்டுகூட இருக்காது. அந்தச் சிரிப்பைக் கேட்டு, வேலையத்தவனுங்க என்று எத்தனை தடவை ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள்.

*

திரும்பி வந்து இறங்கிய இடத்தில் தம்பி மறுபடியும் வாந்தி எடுத்தான். சாக்கடைமேல் குனிந்தவனை மோட்டார்காரர் பிடித்துக்கொண்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைப் பெயர்ப்பலகைகளை எண்ணினாள். காலையிலிருந்து அவன் முகத்தை அவள் ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளாச்சு நிறுத்தி?" என்று மோட்டார்காரர் கேட்டார்.

"மூணு நாள்," என்று அக்கா பதில் சொன்னாள். "பூட்டி வச்சிருக்கேன்."

தம்பி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

அச்சகத்துப் படிக்கட்டு குறுகல். கீழ்ப்படியில் நின்று அவள் டப்பாவைத் திறந்தாள். கையுறை இல்லை. பையைக் குடைந்து பார்த்தாள், இல்லை. தம்பி கை நீட்டினான். டப்பாவுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் காற்றில் துழாவினான்.

"கையெல்லாம் இப்படியா நடுங்கும்? கீழ போட்டுத் தொலைப்பே. வாயைத் திற."

வாயை மட்டுமே பார்த்து, வெறும் விரலால் செட்டை எடுத்து உள்ளே வைத்து அழுத்தினாள். வாயிலிருந்து கிளம்பிய நெடி மூக்கில் ஏறிற்று. அது பட்டறையின் நெடிபோல் இருந்தது. மூன்று நாள் அங்கேயே கிடந்தவன், வேறு எப்படி இருப்பான். விரலை அவன் சட்டையிலேயே அழுத்தித் துடைத்தாள்.

"நீயும் வாக்கா."

"அம்மா வர முடியாதுப்பா," என்றார் மோட்டார்காரர்.

"ஏன் வர முடியாது? மூணு நாளா அள்ளினவ நான். எனக்குக் கதவை மூடுவீங்களா?"

"வீட்டாளுங்களுக்குத் தனிக் கூட்டம் இருக்கும்மா."

"எனக்கெதுக்குக் கூட்டம்? நானா குடிச்சேன்?"

"நீங்க குடிக்கல. ஆனா மூணு நாளா வேற எதைப் பத்தியாவது நினைச்சீங்களா?"

அக்கா டப்பாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

தம்பி சுவரைத் தடவிக்கொண்டு இரண்டு படி ஏறினான். நின்றான். திரும்பினான். "அக்கா, ஒண்ணு சொல்லணும். உன் பட்டறையில..."

"எதுவா இருந்தாலும் உள்ள போய்ச் சொல்லு. அதுக்குத்தானே இவ்வளவு அலைஞ்சோம். எனக்குக் கேட்கத் தெம்பில்ல. போ."

அவன் போனான். ஒவ்வொரு படியையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினான். மேலே கதவு சாத்திக்கொண்டது.

அவள் போன் போட்டாள். "உள்ள போயிட்டான்."

மறுமுனையில் பேருந்து அறிவிப்புச் சத்தம்.  பிறகு தம்பி பெண்டாட்டி கேட்டாள்: "தானாவா, தள்ளிவிட்டீங்களா?"

"தானா. ஊருக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லியும் ஆச்சு. அந்தக் கதையை நேர்ல சொல்றேன், சிரிப்பே."

"சிரிச்சு ரொம்ப நாளாச்சு அண்ணி." ஒரு மூச்சு. "ஃபாரம் பையிலேயே இருக்கட்டும்."

*

கூட்டம் முடிய ஒரு மணி நேரமாகும். சும்மா உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. அக்கா ஷட்டரைத் தூக்கினாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஒரு கிழவரின் கீழ்வரிசை மெழுகில் பாதி நின்றது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கைப் பார்த்தாள். வறண்டு கிடந்தது. பாட்டிலைச் சாய்த்து ஊற்றினாள், திரி நன்றாக நனைந்தது, தீக்குச்சியைக் கிழித்தாள்.

பிடிக்கவில்லை.

இன்னொரு குச்சி. திரி சுர்ரென்றது, புகைந்தது, அணைந்தது.

மூன்றாவது குச்சி விரலைச் சுட்டது.

பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

தண்ணீர்.

பச்சைத் தண்ணீர்.

போன வாரம் இந்தப் பாட்டில் பாதிதான் இருந்தது. காலையில் கழுத்துவரை நின்றது. பாட்டில் தானாக நிரம்புமா? கொசுதான் நுழையும் என்று வெளியே பூட்டினாளே, எதோடு வைத்துப் பூட்டினாள்?

முதன்முதலில் ஸ்பிரிட் வாங்கப் போனபோது கடைக்காரர் சொன்னது காதில் வந்து நின்றது. விளக்குக்கு மட்டும்மா. இதுல விஷம் கலந்திருக்கு. உள்ள போச்சுன்னா முதல்ல கண்ணு, அப்புறம் ஆளு.

வெள்ளையா இருக்குக்கா. பஞ்சு மாதிரி.

தெரியலக்கா. எழுத்து.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். படிக்கட்டில் இருட்டில் முழங்கால் இடித்தது. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

சிரிப்பு நின்றது. உள்ளிருந்து ஒரு குரல் நிதானமாக, "இது மூடிய கூட்டம்மா," என்றது.

"தெரியும். திறங்க. அவன் விஷத்தைக் குடிச்சிருக்கான். வண்டி வேணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், திறங்க." ஓடிவந்த மூச்சில் குரல் அவளுடையதுபோலவே இல்லை.

தாழ்ப்பாள் விலகியது. குண்டு பல்பு வெளிச்சம் முழுவதும் அவள் முகத்தில் விழுந்தது. பத்தடி தூரத்தில், வாசலுக்கு நேரெதிர் நாற்காலியில், தம்பி உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து முதல்முறையாக அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். கருவிழி இரண்டும் அகன்று, அசையாமல், அவளைத் தாண்டி எங்கோ நின்றன.

அவள் கட்டிய ஆறு பல்லும் தெரிய, அவன் மரியாதையாகச் சிரித்தான்.

"வாங்க, உட்காருங்க," என்றான். "நீங்களும் புதுசா?"